‘கலா’ என்னும் இசைத்தட்டு

புனே நகரிலிருந்து நாசிக் செல்லும் பெருஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே சென்றால் சாகண் என்னும் ஊர் வரும். முன்னாளில் வெங்காயச் சந்தைக்கும் சங்கிராமதுர்க்கம் என்ற பழங்கோட்டைக்கும் பெயர் பெற்றிருந்த அவ்வூர், இன்று மோட்டார் வண்டித் தொழிற்சாலைகள் மலிந்த தொழிற்பேட்டையாகிவிட்டது. நாட்டின் நாற்றிசையிலிருந்தும் பிழைப்பு நாடி வந்தவர்கள் அங்கே குடியிருக்கிறார்கள், நம்மவர்களும் இருக்கிறார்கள். உறவினர் ஒருவரைக் காண நான் அங்கே சென்றிருந்த நாள், விநாயகர் விழாவின் நிறைவு நாளாக அமைந்தது. பிள்ளையாரை நீரில் கரைக்க எடுத்துச் செல்லும்போது மராட்டிய மக்கள் டோல், தாஷா என்னும் இரு முழவுகளைக் கூட்டங்கூட்டமாக முழக்கிச் செல்வர். இடுப்பில் கட்டிய பெரிய டோல் இடியென ஒலிக்க, மெல்லிய குச்சிகளால் அடிக்கப்படும் தாஷா அதன்மேல் கல்மழைபோல் பொழியும். அருகில் நிற்பவரின் நெஞ்சாங்கூடே அதிரும்.

எங்களோடு நின்றிருந்தார் தேனிப் பக்கத்து இளைஞர் ஒருவர். அங்கே ஒரு பட்டறையில் ஃபிட்டராக இருப்பவர். “நம்ம ஊரு உறுமி ஒண்ணு இதுல சேர்ந்திருந்தா எப்படி இருக்கும், ஐயா!” என்றார். அத்துடன் நில்லாமல் தம் கைப்பேசியை எடுத்து என் காதருகே பிடித்தார். உறுமிதான், ஐயமில்லை. ஆனால் அதன்மேல் ஒலித்தது ஆங்கிலம். ஒரு பெண்ணின் குரல், பாட்டும் அன்றிப் பேச்சும் அன்றி, இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு நடையில் விரைந்துகொண்டிருந்தது.

“யாரப்பா இந்தப் பெண்?” என்றேன்.

“லண்டன்ல இருக்கிற நம்ம பொண்ணுன்னு சொல்றாங்க, ஐயா. பேரு என்னமோ மூணு எழுத்து.”

அந்த மூன்றெழுத்துக்கு உரியவரைப் பற்றியும், நம் உறுமி அவருடைய பாட்டில் புகுந்த வரலாற்றைப் பற்றியும் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அந்தப் பாட்டின் பெயர் ‘பாய்ஸ்’. அது இடம்பெற்ற இசைத்தொகுப்பின் பெயர் ‘கலா’. 2007-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வெளிவந்தது. பாடியவர் எம்.ஐ.ஏ. என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மாதங்கி அருள்பிரகாசம் என்ற ஈழத் தமிழ்ப்பெண். இது அவருடைய இரண்டாவது தொகுப்பாகும்.

முதலில் ‘ராப்’ என்பது யாதெனச் சுருங்கச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் பகுதி வறியவர்கள் வாழும் பகுதி. அங்கே 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் நடந்த ஒரு விருந்தில், ஜமைக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹெர்க் என்னும் இளைஞர் இசைத்தட்டுச் சுழலிகள் இரண்டை வைத்துக்கொண்டு ஒரு புதுமை செய்தார். பாட்டின் நடுவே முழவு மட்டும் ஒலிக்கும் சிறு பகுதியை எடுத்து, ஒரே தட்டின் இரு படிகளை மாற்றி மாற்றிச் சுழலவிட்டு, அச்சிறு பகுதியை நீட்டிக்கொண்டே போனார். அந்தத் தாளத்தின்மேல் எதுகை இயையப் பேசும் கலையே பின்னர் ராப் என வளர்ந்தது. வாத்தியம் வாங்க வசதியில்லாத பிள்ளைகள், பிறருடைய இசைத்தட்டையே வாத்தியமாக்கிக்கொண்டனர். இதைக் கேட்டவுடன் ‘இது நம்மிடம் அன்றே இருந்தது’ என்று சொல்லத் துடிக்கும் அன்பர்கள் உண்டு. நான் அவ்வாறு சொல்லப்போவதில்லை. ஆயினும் வில்லுப்பாட்டிலே புலவர் கதையை விரைவாகச் சொல்லிச் செல்வதையும், கொன்னக்கோலில் சொற்கட்டுகள் தாளத்தில் தெறிப்பதையும் கேட்டுப் பழகிய செவிக்கு ராப் முற்றிலும் அந்நியமன்று என்பது மட்டும் உறுதி.

மாதங்கி 1975-இல் லண்டனில் பிறந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருக்கும்போதே பெற்றோருடன் யாழ்ப்பாணம் வந்துவிட்டார். தந்தை அருள்பிரகாசம், ‘அருளர்’ என்ற பெயரோடு ஈரோஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். மேல்நாட்டு ஏடுகள் பல ஈழத்து இயக்கங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் குழப்பி அவரைப் புலிகள் இயக்கத்தவர் என எழுதியதுண்டு, அது பிழை. இயக்கப் பணியில் தலைமறைவாக இருந்த தந்தையைப் பிள்ளைகள் காண்பது அரிதாயிற்று. வளர்த்தவர் தாய் கலா. யாழ்ப்பாணத்தில் போரின் நெருக்கடி, இடையிலே சென்னையில் சிறிது காலம் வறுமை வாழ்க்கை, மீண்டும் ஈழம் என அலைந்தபின், 1986-இல் தாயும் பிள்ளைகளும் அகதிகளாக லண்டன் சேர்ந்தனர். தென்லண்டனில் மிட்சம் என்னும் இடத்தில் நகராட்சிக் குடியிருப்பு ஒன்றில் தங்கினர். தாய் ஊசியும் நூலுமாகத் தையல் வேலைக்குச் சென்றார். ராப் இசை அண்டை வீட்டிலிருந்து வந்துதான் முதன்முதல் மாதங்கியின் காதில் விழுந்தது என்பர். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த அகதிச் சிறுமிக்குப் பொருள் விளங்குமுன்னே தாளம் விளங்கியிருக்க வேண்டும்.

அவர் இசை கற்றவர் அல்லர் என்பது கவனிக்கத்தக்கது. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் என்னும் கலைக் கல்லூரியில் திரைப்படக் கலையும் ஓவியமும் பயின்றவர். இசைக்குழு ஒன்றின் பயணத்தைப் படம்பிடிக்கச் சென்றபோது, பீச்சஸ் என்ற பாடகி ‘ரோலண்ட் எம்.சி. 505’ என்னும் கருவியை இயக்கக் காட்டிக்கொடுத்தார். மேசைமீது வைத்துப் பொத்தான்களை அழுத்தித் தாளம் அமைக்கும் மின்னியக்கப் பெட்டி அது. அதைக்கொண்டு வீட்டிலேயே பாட்டுகளைப் புனைந்தார். அவற்றிலிருந்து உருவானதே 2005-இல் வெளிவந்த முதல் தொகுப்பு. அதற்குத் தந்தையின் இயக்கப் பெயரையே, ‘அருளர்’ என்று, சூட்டினார். எங்கோ இருக்கும் தந்தை இணையத்தில் தம் பெயரைத் தேடினால் மகளின் பாட்டு கிட்டட்டும் என்பது அவர் எண்ணம் என்று சொல்லியிருக்கிறார். தந்தையிடமிருந்து மின்னஞ்சல் வந்ததும் உண்டு. பெயரை மாற்றச் சொல்லி! மகள் மாற்றவில்லை. பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கு அந்தத் தொகுப்பு அவ்வாண்டே இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது.

எம்.ஐ.ஏ. என்னும் மூன்றெழுத்துக்கும் பொருள் உண்டு. போரில் காணாமற்போன வீரனைப் படைக் குறிப்பேட்டில் இம்மூன்று எழுத்துகளாலேயே குறிப்பர். லண்டனில் ஆக்டன் என்றொரு பகுதி உண்டு. ‘ஆக்டனில் காணாமற்போனவள்’ என்று சிலேடையாகவும் அதைக் கொள்ளலாம்.

இனி இரண்டாவது தொகுப்புக்கு வருவோம். இசைத்தட்டு வாணிகத்தில் இரண்டாவது தொகுப்பு என்றாலே ஓர் அச்சம் உண்டு. முதல் தொகுப்புக்குப் பிறந்த நாள் முதல் சேர்த்து வைத்த அனுபவமெல்லாம் கைகொடுக்கும். அது வெற்றி பெற்றுவிட்டால், அடுத்ததை இரண்டே ஆண்டுகளில் தர வேண்டும். சேமிப்பெல்லாம் செலவாகிவிட்டது, புதிய வருவாயோ ஊர் ஊராகச் சென்று பாடியதும் விடுதி அறைகளும்தான். ஆகவே பலர் முதல் தொகுப்பையே சற்று மெருகிட்டு மீண்டும் தந்துவிடுவர். கதை எழுதுவோருக்கும் இதே இடர் உண்டு என்பதை எழுத்தாள நண்பர்கள் ஒப்புக்கொள்வர்.

எம்.ஐ.ஏ.வுக்கும் அத்தகைய எளிய வழி ஒன்று திறந்திருந்தது. அமெரிக்காவுக்குச் சென்று டிம்பலேண்ட் என்னும் புகழ்பெற்ற இசையமைப்பாளருடன் தொகுப்பை உருவாக்குவது என்பதே திட்டம். அத்திட்டம் நிறைவேறியிருந்தால் நல்ல, விலைபோகும், ஒழுங்கான அமெரிக்க இசைத்தட்டு ஒன்று கிடைத்திருக்கும். சாகண் இளைஞர் உறுமியைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் 2006-இல் அமெரிக்கா அவருக்கு நீண்ட நாள் தங்கிப் பணிபுரியும் அனுமதியைத் தரவில்லை. பிரிட்டிஷ் குடிமகள், மேல்நாட்டுப் பெரிய நிறுவனம் ஒன்றின் பாடகி, இவற்றில் எதுவும் உதவவில்லை. அகதியாக ஒருமுறை எல்லை கடந்தவருக்கு எல்லாக் குடிபுகல் அலுவலகமும் பழைய நினைவைக் கிளறும் இடமே.

மூடிய கதவின்முன் காத்திராமல் அவர் வேறு திசையில் புறப்பட்டார். சென்னை, டிரினிடாட், ஜமைக்கா, லைபீரியா, ஆஸ்திரேலியா எனச் சுற்றி, சென்ற இடமெல்லாம் ஒலிப்பதிவு செய்தார். உடன் உழைத்தவர் ‘ஸ்விட்ச்’ என அறியப்படும் டேவ் டெய்லர் என்ற ஆங்கில ஒலியமைப்பாளர். கணக்குப் பார்த்தால் இத்தொகுப்பைச் செய்துகொடுத்ததில் அமெரிக்கத் தூதரகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

சென்னையில் அவர் ஏ. ஆர். ரஹ்மானைச் சந்தித்தார். அப்போது இருவரும் சேர்ந்து பாட்டு ஒன்றும் அமைக்கவில்லை; ஆனால் ரஹ்மான் தம்முடைய ஒலிப்பதிவுக் கூடத்தைப் பயன்படுத்த இடமளித்தார். அங்கே முழவுக் கலைஞர் பலரை ஒருங்கே அமர்த்தி உறுமி முதலியவற்றை முழக்கச் செய்து பதிவு செய்தனர். ‘பேர்ட் ஃப்ளூ’, ‘பாய்ஸ்’ என்ற இரு பாட்டுகளின் முதுகெலும்பு அந்த முழக்கமே. ‘பேர்ட் ஃப்ளூ’வில் கோழிகளின் கொக்கரிப்பும் தாளத்தோடு கலந்து வரும். முதன்முறை கேட்போர் தம் வீட்டுப் புழக்கடையை எட்டிப் பார்ப்பர்.

உறுமியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது தகும். உடுக்கையைப் போல் இடை சிறுத்து, அதனினும் பெரிதாய், இரு முகங்கள் கொண்ட முழவு அது. தோளில் தொங்கவிட்டு, ஒரு முகத்தைக் குச்சியால் அடிப்பர். மறு முகத்தை வளைந்த கோலால் அழுத்தித் தேய்ப்பர். அத்தேய்ப்பில் எழும் ஓசை, அடிபட்ட விலங்கு அடிவயிற்றிலிருந்து உறுமுவது போலிருக்கும். பெயரும் அதனால் வந்ததே. மற்ற முழவுகள் தாளத்தின் புள்ளிகளை வைத்துச் செல்லும். உறுமியோ அப்புள்ளிகளை இழுத்துக் கோடாக்கும். அதன் ஓசை ஒரு சுருதியில் நிற்காமல் கீழிருந்து மேலும் மேலிருந்து கீழுமாக வழுக்கும். இக்காலத்து நடன இசையில் அடித்தள ஓசையை இவ்வாறு வழுக்கிச் செல்லும்படி மின்கருவிகளைக் கொண்டு வருந்தி அமைக்கிறார்கள். லண்டன் நடனக் கூடத்துக்குப் பழகிய செவி, சென்னையில் உறுமியைக் கேட்டதும் அதைப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை. கருவியில் தேடிக்கொண்டிருந்த ஓசையை ஒரு மனிதர் கோலால் தேய்த்துக் காட்டிவிட்டார்.

நம் ஊரில் அந்த உறுமியின் இடம் எது? அம்மன் கொடையில் அருள் வந்து ஆடுவோருக்கு அது வேண்டும். நையாண்டி மேளத்துக்கு வேண்டும். கம்பளத்து நாயக்கரின் தேவராட்டத்துக்கு வேண்டும். சாவு வீட்டுக்கும் வேண்டும். ஆனால் சபாக்களின் மேடை அதற்குக் கிட்டுவது அரிது. சாவுக்கு முழங்கும் தோற்கருவி என்பதனாலும், அதை முழக்குவோர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவர் என்பதனாலும் பறைக்கு நேர்ந்த விலக்கம் உறுமிக்கும் நேர்ந்தது. மிருதங்கத்தின் மேன்மையைப் பற்றி எத்தனையோ பேச்சுகள் கேட்டிருக்கிறோம். அதுவும் தோல்தான், இதுவும் தோல்தான். மலேயாத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவரோடு உறுமியும் கப்பலேறியது. இன்றும் மலேசியாவில் தைப்பூசத்தன்று இளைஞர்களின் உறுமி மேளக் குழுக்கள் காவடிக்கு முன்னே முழங்கிச் செல்வதைக் காணலாம். புலம்பெயர்ந்தவர் கைவிடாத கருவி அது. எனவே, புலம்பெயர்ந்த வேறொரு தமிழ்ப்பெண் அதை நாடி வந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

‘பாய்ஸ்’ பாட்டின் பொருளையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். களியாட்டம்போல் ஒலிக்கும் அப்பாட்டு, வீரம் பேசித் திரியும் ஆண்பிள்ளைகளை நோக்கிப் போரைத் தொடங்கும் பையன்கள் எத்தனை பேர் என்று எண்ணிக் கேட்கிறது. போரிலே வளர்ந்தவர் கேட்கும் கேள்வி அது.

தமிழ்த் திரையிசைக்கும் இத்தொகுப்பில் இடம் உண்டு. முதல் பாட்டான ‘பாம்பூ பாங்கா’வில், 1991-இல் வெளிவந்த ‘தளபதி’ படத்துக்காக இளையராஜா இசையமைத்த ‘காட்டுக்குயிலு’ பாட்டின் ஒலித்துண்டு எடுத்தாளப்பட்டிருக்கிறது. போகிப் பண்டிகை நெருப்பைச் சுற்றி ஆடிப்பாடும் அப்பாட்டை அறியாத தமிழர் இரார். ‘பேர்ட் ஃப்ளூ’விலும் ‘ஜெயம்’ படப்பாட்டு ஒன்றின் சாயல் கலந்திருக்கிறது. இவ்வாறு பழைய ஒலிப்பதிவின் ஒரு துண்டை வெட்டி எடுத்து, புதிய பாட்டுக்குள் பதிப்பதை ராப் இசையில் பெருவழக்காகக் கொண்டுள்ளனர். கூல் ஹெர்க் இசைத்தட்டால் செய்ததையே பின்னர்க் கணிப்பொறி எளிதாக்கிற்று. இது திருட்டன்றோ எனச் சிலர் கேட்பர். உரியவரிடம் இசைவு பெற்று, பெயர் குறித்து, பங்கும் கொடுத்தால் திருட்டாகாது. இவற்றைச் செய்யாவிடில் திருட்டேதான். கலை நோக்கில் பார்த்தால், பழைய மேற்கோளைப் புதிய இடத்தில் அமைப்பதிலேதான் திறமை இருக்கிறது. நம் உரையாசிரியர்களும் பிறர் பாட்டை எடுத்துக்காட்டித்தானே தம் கருத்தை நிறுவினர்?

‘ஜிம்மி’ என்ற பாட்டு இன்னும் வெளிப்படையானது. 1982-ஆம் ஆண்டின் ‘டிஸ்கோ டான்ஸர்’ என்ற இந்திப் படத்துக்குப் பம்பாயில் பப்பி லாஹிரி இசையமைக்க, பார்வதி கான் பாடிய பாட்டை எம்.ஐ.ஏ. தம் குரலில் மீண்டும் பாடியிருக்கிறார். சிறு வயதில் உறவினர் வீட்டு விருந்துகளில் இப்பாட்டுக்கு அவரை ஆடச் சொல்வாராம் தாயார். இந்த ஒரு பாட்டை மட்டும் நான் அவ்வளவாக ரசிக்கவில்லை. மூலத்தினும் இது சிறந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் தாயின் பெயர் கொண்ட தொகுப்பில் அதற்கு இடமில்லையெனில் வேறு எதற்கு இடம்?

மற்றவற்றை விரைந்து கடப்போம். ஆஸ்திரேலியாவின் வில்கேனியா என்னும் சிற்றூரைச் சேர்ந்த பழங்குடிச் சிறுவர்கள் பாடிய ஆற்றங்கரைப் பாட்டு ஒன்று, எம்.ஐ.ஏ.யின் குரலும் சேர்ந்து இங்கே இடம்பெறுகிறது. மீன் பிடிப்பதும் ஆற்றில் குதிப்பதுமே அவர்கள் சொல்லும் செய்தி. நைஜீரியக் குடும்பத்தில் பிறந்து லண்டனில் வாழும் ‘ஆஃப்ரிக்கன் பாய்’ என்ற இளைஞர் மற்றொரு பாட்டில் பிழைப்பின் அலைச்சலைச் சொல்கிறார். ‘20 டாலர்’ என்ற பாட்டு ஆப்பிரிக்காவில் ஒரு துப்பாக்கிக்கு ஆகும் விலையைப் பெயராகக் கொண்டது. முதலில் திட்டமிட்ட டிம்பலேண்டுடன் அமைந்த ஒரே பாட்டு, பந்தியின் கடைசியில் வைத்த பதார்த்தம்போல், பன்னிரண்டாவதாக வருகிறது. தொகுப்பில் மிகச் சாதாரணமானதும் அதுவே என்பது என் எண்ணம்.

பதினோராவது பாட்டு ‘பேப்பர் பிளேன்ஸ்’, அதாவது காகித விமானங்கள். இதுவே அவரை உலகறியச் செய்தது. அனுமதி மறுக்கப்பட்டவரின் மனக்குமுறல், நகையாடலாக மாறிப் பிறந்த பாட்டு இது. குடியேறி வந்தவனைக் கண்டால் உள்ளூரார் என்னென்ன ஐயம் கொள்வர்? கள்ள அனுமதிச்சீட்டு அடிப்பான், கொள்ளையிடுவான், சுடுவான் என்பர் அல்லவா? ‘ஆம், நான் அப்படித்தான்’ என்று அந்த ஐயங்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பாட்டுடைத் தலைவி கிண்டல் செய்கிறாள். பல்லவியில் சொற்களுக்கு நடுவே துப்பாக்கி வெடிக்கும் ஓசையும், கடையில் காசுப்பெட்டி திறக்கும் ஓசையும் தாளமாக வருகின்றன. அப்பல்லவியைச் சேர்ந்து பாடுபவர்கள் லண்டன் பிரிக்ஸ்டன் பகுதிக் குழந்தைகள். மழலைக்கு நடுவே வெடியோசை வரும்போது கேட்பவருக்குச் சிரிப்பும் திடுக்கீடும் ஒருங்கே தோன்றும். அமெரிக்கத் தொலைக்காட்சியினர் அவ்வோசையைக் கேட்டு மருண்டு, வேறு ஓசை வைத்து மழுக்கி ஒளிபரப்பினர். துப்பாக்கி கடைத்தெருவில் விற்கும் நாட்டிலே துப்பாக்கியின் ஓசைக்கு மட்டும் தடை!

அப்பாட்டின் அடியில் ஓடும் மெட்டு ‘தி கிளாஷ்’ என்ற ஆங்கிலக் குழுவின் ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ என்னும் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. 1982-இல் வந்த அப்பாட்டும் வேண்டாதவராய்த் தள்ளப்பட்ட குடியேறிகளைப் பற்றியதே. கால் நூற்றாண்டுக்குமுன் வெள்ளையர் இளைஞர் குடியேறிகளுக்காக இரங்கிப் பாடினர். இப்போது குடியேறியின் மகளே அம்மெட்டின்மேல் நின்று தன் வாயால் பேசுகிறாள். முன்னே சொன்ன ஒலித்துண்டுக் கலை இங்கே அதன் உச்சத்தை அடைகிறது. பழைய பாட்டை அறிந்தவருக்கு இரண்டு குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கும். அறியாதவருக்கு இனிய மெட்டு மட்டும் கேட்கும்.

2008-இல் ஓர் அமெரிக்க நகைச்சுவைப் படத்தின் முன்னோட்டத்திலும், அதே ஆண்டில் பம்பாயைக் களமாகக் கொண்ட ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்திலும் இப்பாட்டு ஒலித்தது. அமெரிக்கப் பாட்டு வரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. அனுமதி தர மறுத்த நாட்டிலேயே, அம்மறுப்பைப் பற்றிய பாட்டு தெருவெல்லாம் ஒலித்தது. முன்பு சென்னையில் கைகூடாத ரஹ்மானுடனான கூட்டும் அந்தப் படத்தில் ‘ஓ சாயா’ என்ற பாட்டாகக் கனிந்தது. அது ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. 2009 பிப்ரவரியில், நிறைசூலியாக, பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவர் குறித்த நாளன்றே கிராமி விழா மேடையில் நின்று அவர் பாடியதைப் பலர் தொலைக்காட்சியில் கண்டிருப்பர். மூன்று நாள் கழித்து ஆண் மகவு பிறந்தது. ஈழத்தில் போர் அதன் கொடிய இறுதிக் கட்டத்தை அடைந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. கிடைத்த ஒவ்வொரு மேடையிலும் அவர் அங்கே அகப்பட்டிருந்த மக்களைப் பற்றிப் பேசினார். பாட வந்தவள் பாடிவிட்டுப் போகலாகாதா என்று கேட்டவர்களும் உண்டு.

‘ரோலிங் ஸ்டோன்’ இதழ் 2007-ஆம் ஆண்டின் தலைசிறந்த தொகுப்பாக ‘கலா’வைத் தேர்ந்தது. இவ்வளவு புகழுக்கிடையே ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏழை நாடுகளுக்குச் சென்று ஓசைகளைப் பொறுக்கி வந்து பணக்கார நாட்டில் விற்றார் என்று சிலர் அவர்மேல் குற்றம் சாட்டினர். இக்குற்றச்சாட்டை நான் முழுதும் ஏற்கவில்லை. லைபீரியாவையும் வில்கேனியாவையும் சுற்றுலாப் பயணியின் கண்ணால் பார்ப்பது ஒன்று. அகதிக் குடியிருப்பில் வளர்ந்தவரின் கண்ணால் பார்ப்பது வேறு. வில்கேனியாச் சிறுவர்கள் அலங்காரத்துக்கு வைத்த பின்னணிக் குரலாக நிற்கவில்லை. தங்கள் பாட்டைத் தாங்களே பாடுகிறார்கள், குழுவின் பெயரும் பாட்டின் தலைப்போடு நிற்கிறது. ஆனால் இவ்வளவையும் சாகண் இளைஞருக்கு விளக்கியபோது அவர் கேட்ட கேள்வி என்னை மடக்கியது. “எல்லாம் சரிங்க, ஐயா. உறுமி அடிச்சவரு யாரு?” பாடியவர், இசையமைத்தவர், கூடம் தந்தவர் என எல்லாரையும் பெயர் சொல்லிப் பேசிய நான் அங்கே வாயடைத்து நின்றேன். சபா மேடை மறுத்ததை உலக மேடை தந்தது மெய். ஆனாலும் உலக மேடையிலும் உறுமியின் ஓசை ஏறிய அளவுக்கு உறுமிக்காரர் ஏறவில்லை. இதற்கு எம்.ஐ.ஏ.வை மட்டும் குறைகூறுவது நியாயமன்று. திரைப்படப் பாட்டுகளில் இத்தனை ஆண்டுகளாகத் தவிலும் பம்பையும் முழக்கியவர்களில் எத்தனை பேரை நாம் பெயரிட்டு அறிவோம்?

தாய் கலாவைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியுள்ளது. ‘அருளர்’ ஆணின் தட்டு, ‘கலா’ பெண்ணின் தட்டு என்று எம்.ஐ.ஏ. கூறியதுண்டு. உழைத்து, பிள்ளைகளுக்குச் சோறிட்டு, அறிவும் ஊட்டி ஒரு பெண் எப்படித் தனித்து நிற்கிறாள் என்பதே இத்தொகுப்பின் பொருள் என்றார். பின்னர் வந்த ‘மாயா’, ‘மாதங்கி’ என்னும் தொகுப்புகளுக்குத் தம் பெயர்களையே சூட்டிக்கொண்டார். தந்தை அருளர் 2019-இல் காலமானார். அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு எம்.ஐ.ஏ.வுக்கு எம்.பி.ஈ. என்னும் விருதை அறிவித்தது. அரசைச் சாடிப் பாடியவர் அரசின் விருதை வாங்கலாமா என்று அப்போதும் கேள்வி எழுந்தது. அதற்கு அவர் சொன்ன விடை இது: ஆங்கிலம் அறியாமல் அகதியாக வந்த தம் தாய் குறைந்த கூலிக்கு ஏற்ற வேலை, அரசியார் வழங்கும் இத்தகைய பதக்கங்களுக்குக் கையால் நாடா தைப்பது, இங்கிலாந்தில் அந்த வேலையைச் செய்த இரு பெண்களுள் தம் தாயும் ஒருவர், பல ஆண்டுகள் அவர் தைத்தார், அந்தத் தாய்க்காகவே இதைப் பெற்றுக்கொள்கிறேன். 2020-இல் அரண்மனைக்குச் சென்று இளவரசர் வில்லியம் கையால் அப்பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார் கலாவின் மகள்.